மலைக்குப் புதிதாய் வரும் பிள்ளைகளுக்கு: இடுப்பைக் காக்க எட்டு அறிவுரைகள்

பசறையில் கொழுந்து எடுத்தாலும், மொனராகலையில் ரப்பர் பால் வெட்டினாலும், பெல்வத்தையில் கரும்பு வெட்டினாலும் புது ஆளுக்கு முதலில் நோவது இடுப்புதான். வேலையை மாற்ற நம்மால் முடியாது. குனியும் விதத்தை மாற்றலாம். தேயிலை நிரையிலேயே கிழவியானவள் சொல்கிறேன், கேளுங்கள்.

1. வளையும் இடத்தை அறிந்துகொள்ளுங்கள். நின்றபடி ஒரு முழங்காலைத் தூக்கினால் தொடையும் அடிவயிறும் சேருமிடத்தில் மடிப்பு விழும். அதற்கு உள்ளேதான் இடுப்பு மூட்டு. தொடையெலும்பின் உருண்டைத் தலை அங்கே ஒரு குழிக்குள் உட்கார்ந்து எல்லாப் பக்கமும் அசைகிறது. முன்பக்கமாக ஏறக்குறைய 120 பாகை மடங்கும். அதற்கு மேலே கீழ் முதுகில் இருப்பவை ஐந்து முள்ளெலும்புகள். பாரம் தாங்குவது அவற்றின் வேலை. திருகுவதற்கு அவற்றில் இடம் மிகக் குறைவு.

2. முதுகை வளைக்காமல் மூட்டில் மடங்குங்கள். ஒரு தடியை முதுகோடு நெட்டாகப் பிடியுங்கள். பின்தலை, தோள்பட்டைகளின் நடு, புட்டத்தின் மேலெலும்பு, இந்த மூன்றிலும் தடி பட வேண்டும். முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, பின்புறத்தைப் பின்னே தள்ளிக் குனியுங்கள். தடி ஓரிடத்தில் விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். லயத்து வாசலில் தினமும் பழகுங்கள், மலையில் தானாக வரும்.

3. எட்டிப் பறிக்கும்போது பாதத்தையும் திருப்புங்கள். கால் ஒரு பக்கமும் நெஞ்சு ஒரு பக்கமுமாகக் குனிந்து முறுக்குவதுதான் பிடிப்புக்கு வழி. செடியை நோக்கிக் கால்விரலும் திரும்பட்டும்.

4. கூடையை நிரப்பிக்கொண்டே நிற்காதீர்கள். தலையில் கயிறு போட்டுச் சுமக்கும் பாரம் கழுத்து வழியாக முதுகெலும்பு முழுவதையும் அழுத்தும். நிரை முடிவில் சாக்கில் கொட்டிவிடுங்கள். மழையில் கொழுந்து நனைந்தால் பாரம் கூடும். அன்று இன்னும் சீக்கிரம் கொட்டுங்கள்.

5. சரிவில் ஒரே காலில் பாரம் போடாதீர்கள். ஒற்றைக் காலில் நிற்கையில் அந்தப் பக்க மூட்டு உடல் எடையைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை தாங்குகிறது. அடிக்கடி கால் மாற்றி நில்லுங்கள்; அடுத்த நிரையில் மறுபக்கம் திரும்பிப் பறியுங்கள்.

6. பால் வெட்டும் தம்பிகளுக்கு: வெட்டு மரத்தடிக்கு இறங்கிவிட்டால் குனிந்து வெட்டாதீர்கள். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி வெட்டுங்கள். பால் வாளியை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள்.

7. மாலையில் பத்து நிமிடம் உடம்புக்குக் கொடுங்கள். கீழ் முதுகெலும்பில் தொடங்கித் தொடையெலும்பில் முடியும் தசை ஒன்று உண்டு. நாள் முழுக்கக் குனிந்தால் அது இறுகி முதுகை இழுக்கும். ஒரு முழங்காலில் நின்று இடுப்பை முன்னே தள்ளி அரை நிமிடம் இருங்கள். பிறகு கால் மாற்றுங்கள். அடுத்து மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, புட்டத்தைப் பத்துத் தடவை தூக்குங்கள். புட்டத்துத் தசைக்குப் பலம் இருந்தால் முதுகின் சுமை குறையும்.

8. வலி வந்தால் படுத்தே கிடக்காதீர்கள். ஓரிரு நாள் பாரம் தூக்காமல் இருங்கள், சுடுதண்ணீர் ஒத்தடம் போடுங்கள், மெதுவாக நடங்கள். பெரும்பாலான பிடிப்பு சில வாரங்களில் இறங்கிவிடும். நாட்பட்ட கீழ் முதுகு வலிக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தவற்றில் உடற்பயிற்சி உண்டு. இடுப்புப் பட்டியும் இழுத்துவிடும் வைத்தியமும் வேண்டாம் என்றது. காசு கொடுத்துப் பட்டி வாங்க அவசரப்படாதீர்கள். கவட்டியில் வலித்து, சம்மணமிட முடியாமல் போனால் கோளாறு மூட்டிலேயே இருக்கலாம். டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

இவை எட்டும் சாதாரண வலிக்கு. காலில் பலம் குறைந்தாலோ, கவட்டைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாமலோ போகாமலோ இருந்தாலோ, காய்ச்சலோடு முதுகு வலித்தாலோ, விழுந்தபின் வலித்தாலோ எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காதீர்கள். பதுளையோ மொனராகலையோ, கிட்ட இருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அன்றே போங்கள். அங்கே வைத்தியம் இலவசம். ஒரு நாள் பேர் விழாது, கூலி போய்விடும் என்ற பயத்தில் மறைக்காதீர்கள். நரம்பு நசுங்கியிருந்தால் தாமதிக்கும் ஒவ்வொரு மணிநேரமும் நட்டம்தான்.