ஐப்பசி மழைக்கு முன் வீட்டைச் சீர்செய்ய...

தஞ்சைப் பக்கம் குளிர்காலம் என்றால் முதலில் மழை, அப்புறம்தான் பனி. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். டெல்டாவின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் டிசம்பருக்குள் பெய்துவிடும். அதனால் புரட்டாசி வெயில் இருக்கும்போதே வேலையை முடித்துவிட வேண்டும். மேலிருந்து கீழே வருவதுதான் முறை. வடிகாலை முதலில் தூர்வாரிவிட்டுப் பிறகு கூரையைப் பெருக்கினால், அந்தக் குப்பையே வடிகாலை மறுபடி அடைக்கும்.

1. ஓட்டுக்கூரை
உச்சி வெயிலில் கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளிருந்து அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் புள்ளியாக விழும் இடமெல்லாம் ஒழுகும். அந்தச் சந்தில் ஒரு தென்னை ஈர்க்கைச் செருகி வையுங்கள். மேலே ஏறுகிறவர் தேட வேண்டியதில்லை. உடைந்த ஓட்டை மாற்றி, குரங்கு நகர்த்தியதை ஒழுங்காக அடுக்கச் சொல்லுங்கள். கைமரத்தைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே கரையான் அரித்திருக்கும்.

2. மாடி
சருகைப் பெருக்கி, தண்ணீர் இறங்கும் குழாயின் வாயைச் சுத்தம் செய்யுங்கள். ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். விரிசலைச் சுரண்டி, தூசி தட்டி, நனைத்த பிறகு பூசினால்தான் சிமெண்ட் பிடிக்கும். பூச்சு நன்றாக இறுகும்வரை இரண்டு வேளையும் தண்ணீர் தெளியுங்கள்.

3. மரமும் மின்சாரமும்
2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது தென்னைகள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. பல ஊர்கள் நாள் கணக்கில் இருளில் கிடந்தன. ஆகவே காய்ந்த மட்டை, முற்றிய காய்களை முன்பே இறக்குங்கள். கம்பியை உரசும் கிளையில் நீங்கள் கை வைக்காதீர்கள், மின்வாரியத்தில் சொல்லுங்கள். எர்த் இணைப்பையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

4. முற்றம், கொல்லை
முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் துவாரத்தில் ஒரு குடம் ஊற்றிப் பாருங்கள். அது தெருச் சாக்கடை வரை தடையில்லாமல் ஓட வேண்டும். கொல்லையில் கிடக்கும் டயர், கொட்டாங்குச்சியை அகற்றினால் டெங்கு கொசு குறையும். வயலில் தண்ணீர் ஏறினால் எலி வீட்டுக்கு வரும், அதன் பின்னால் பாம்பும் வரும். சுவர்ப் பொந்துகளை அடைத்துவிடுங்கள்.

5. நெல், விறகு, வைக்கோல்
குறுவை நெல்லை நன்றாகக் காயவைத்து, மூட்டையைச் சுவரில் ஒட்டாமல் கட்டை மேல் அடுக்குங்கள். விறகைத் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். மேட்டில் போர் போட்டு, உச்சியைக் கூம்பாக்கி மூடினால் வைக்கோல் அழுகாது.

6. குடிநீர்
தொட்டியைக் கழுவி மூடி போடுங்கள். வெள்ளம் புகுந்தால் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

மெழுகுவர்த்தி, டார்ச், மாத்திரை ஆகியவற்றோடு பட்டா, ரேஷன் கார்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரே பெட்டியில் வையுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. கதவின் பின்னால் எழுதி ஒட்டுங்கள்.

முதல் மழை நன்றாகப் பெய்யும்போது குடையோடு வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எங்கே சொட்டுகிறது, எங்கே தேங்குகிறது என்று குறித்துக்கொண்டால், கார்த்திகைப் புயல்களுக்கு முன் அதையும் சரிசெய்துவிடலாம்.