விலையும் மதிப்பும்

நுழையும்முன்

பொருளை வாங்குமுன் ஒப்பிட்டு ஆராய்தல் அறிவுடையோர் வழக்கம். ஒப்பிடுதல் என்பது இரண்டு விலைகளைப் பார்ப்பது மட்டும் அன்று. தில்லியில் பழைய மகிழுந்து வாங்க விரும்பும் ஒரு குடும்பத்தின் கணக்கை இப்பாடத்தில் காண்போம்.

பாடம்

தில்லி கரோல்பாக் பகுதியில் பழைய மகிழுந்துகளின் விற்பனை பன்னெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. அத்தகைய சந்தையில் ஒரு குடும்பம் இரண்டு வண்டிகளைக் கண்டதாகக் கொள்வோம். இரண்டும் ஸ்போர்ட்ஸ் கூபே என வழங்கும் தாழ்ந்த கூரையுடைய இருகதவு மகிழுந்துகள். ஒன்று 2015 ஜூனில் பதிவான ஆடி டிடி. மற்றொன்று 2019 ஜூனில் பதிவான ஃபோர்டு மஸ்டாங் ஜிடி.

முன்னதன் எஞ்சின் 4 உருளைகளும் 1,984 கன செ.மீ. கொள்ளளவும் உடையது, அதன் ஆற்றல் நான்கு சக்கரங்களுக்கும் செல்லும். பின்னதன் எஞ்சின் 8 உருளைகளும் 4,951 கன செ.மீ. கொள்ளளவும் உடையது, அதன் ஆற்றல் பின்சக்கரங்களுக்கு மட்டுமே செல்லும். இரண்டும் பெட்ரோலில் ஓடுவன.

அக்குடும்பத்தின் மூத்த மகன் மஸ்டாங்கின் முழக்கத்தில் மயங்கினான். தந்தையோ விலை குறைந்த ஆடியே போதும் என்றார். பல ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் கைம்மாற இருந்தது. அப்போது தாய், "ஒவ்வொரு வண்டியும் நமக்கு இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும்?" என வினவினார். அவ்வினாவே கணக்கின் திறவுகோல் ஆயிற்று.

தனியார் மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிற மாநிலங்களில் தகுதியுள்ள வண்டியின் பதிவைப் புதுப்பிக்கலாம். தில்லியின் நிலை வேறு. காற்று மாசு கருதி, 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் தலைநகர வட்டாரத்தில் ஓடக்கூடாது எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. 2025-ஆம் ஆண்டில் இதன் நடைமுறை குறித்து உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஆதலால், வாங்கும் நாளில் நடப்பிலுள்ள விதியை அறிந்துகொள்ளுதல் வேண்டும். நம் கணக்கிற்கு 15 ஆண்டையே எல்லையாகக் கொள்வோம்.

வண்டிகளை 2026 ஜூனில் வாங்குவதாகக் கொண்டால் ஆடிக்கு 4 ஆண்டும், மஸ்டாங்குக்கு 8 ஆண்டும் எஞ்சியிருக்கும். எடுத்துக்காட்டிற்காக மட்டும் விலைகளை முறையே 20 இலட்சம், 36 இலட்சம் எனக் கொள்வோம். விலையை எஞ்சிய ஆண்டுகளால் வகுத்தால் ஆடிக்கு ஆண்டுக்கு 5 இலட்சமும், மஸ்டாங்குக்கு 4.5 இலட்சமும் ஆகின்றன. விலை மிகுந்ததே மலிவாகிவிட்டது!

இங்கே கணக்கை நிறுத்தலாமா? கூடாது. ஆண்டுக்கு 6,000 கி.மீ. ஓட்டுவதாகவும், லிட்டருக்கு ஆடி 10 கி.மீ., மஸ்டாங் 5 கி.மீ. ஓடுவதாகவும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் எனவும் கொள்வோம். எரிபொருட் செலவு முறையே 60,000 ரூபாயும் 1,20,000 ரூபாயும் ஆகும். மொத்தம் ஆடிக்கு 5,60,000, மஸ்டாங்குக்கு 5,70,000. இப்போது ஆடியே மலிவு.

கணக்கில் ஒரு செலவைச் சேர்த்தவுடன் முடிவு மாறியதைக் காண்க. வேறுபாடு இத்துணைச் சிறிதாயின், வண்டியின் நிலையே முடிவைத் தீர்மானிக்கும். பழுது நீக்கும் ஒரு செலவு பத்தாயிரத்தை எளிதில் விழுங்கிவிடும்.

ஆகவே, எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் வண்டியை இயக்கிப் பார்த்தல் நன்று. நீலப் புகை எண்ணெய் எரிவதையும், கரும்புகை எரிபொருள் மிகுவதையும் உணர்த்தும். தாழ்ந்த வண்டிகளின் அடிப்பகுதி வேகத்தடைகளில் உராய்ந்திருக்கும். அதனையும் குனிந்து நோக்குக. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் உண்டு. 2219 என்றிருந்தால், அது 2019-ஆம் ஆண்டின் 22-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஓடிய தூரம் குறைவு என விற்பவர் கூறினால், பராமரிப்புப் பதிவேட்டுடன் ஒப்பிடுக. ஃபோர்டு 2021-இல் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஆடி டிடியின் உற்பத்தியும் 2023-இல் முடிவுற்றது. ஆதலால், உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதை இரண்டிற்குமே விசாரித்தல் வேண்டும்.

அடுத்து ஆவணங்கள். பதிவுச் சான்றிலுள்ள அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். கடன் நிலுவையும் செலுத்தாத அபராதமும் இருத்தல் ஆகாது. 29, 30 ஆகிய படிவங்களின் வழியே உரிமையை மாற்றுதல் இருவருக்கும் நன்மை தரும். பெயர் மாறாதவரை, விபத்து நேரின் பதிவிலுள்ள பழைய உரிமையாளரே பொறுப்பேற்க நேரும்.

இவற்றையெல்லாம் எழுதி முடித்ததும் மகன், "வாங்குவதற்கு முன் இரண்டையும் ஒரு தொழில்நுட்பரிடம் காட்டுவோம், அப்பா" என்றான். ஆசை குறையவில்லை, அவசரம் குறைந்தது. விலை விற்பவர் சொல்வது. மதிப்பு வாங்குபவர் ஆராய்ந்து அறிவது.

அருஞ்சொற்பொருள்

கைம்மாறுதல் – ஒருவரிடமிருந்து மற்றவரிடம் செல்லுதல்
எஞ்சிய – மீதமுள்ள
நிலுவை – செலுத்தப்படாத பாக்கி
நடப்பு – வழக்கிலுள்ளது

பயிற்சி

1. தாயின் வினா கணக்கை எவ்வாறு மாற்றியது?
2. ஆண்டுக்கு 3,000 கி.மீ. மட்டுமே ஓட்டினால் எந்த வண்டி மலிவாகும்? கணக்கிட்டு எழுதுக.
3. 2017-இல் பதிவான டீசல் வண்டி தில்லியில் எந்த ஆண்டில் 10 ஆண்டு வரம்பை எட்டும்?
4. பிரித்து எழுதுக: பன்னெடுங்காலம், அவ்வினா, கரும்புகை.
5. உம் வீட்டில் அண்மையில் வாங்கிய ஒரு பொருளின் விலையையும் மதிப்பையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.