அகன்ற ரிம்மும் நெடும்பயணமும்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

மலைப்பாதைகளுக்கென்று செய்யப்பட்ட சைக்கிளில் கூடாரம், படுக்கை, உணவு, தண்ணீர் ஆகிய சகலத்தையும் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, வாரக்கணக்கில் மண்பாதைகளிலேயே யாத்திரை போகும் பைக்பேக்கிங் என்ற வழக்கம் பரவப் பரவ, அந்த யாத்திரைக்குரிய சக்கரங்களைப் பற்றிய பிரமைகளும் கூடவே பரவிவிட்டன. அவற்றுள் ரிம்மின் அகலத்தைப் பற்றியவையே மிகுதி. பாரம் சுமந்து செல்லும் பிரயாணியை ஆளரவமற்ற வெளியில் நடக்கவிட்டுவிடக் கூடிய விஷயம் இது என்பதால், அந்த நம்பிக்கைகளைச் சற்று நிதானமாகச் சோதித்துப் பார்ப்பது அவசியமென்று கருதுகிறேன்.

“ரிம் எவ்வளவுக்கெவ்வளவு அகலமோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது” என்பது அவற்றுள் முதன்மையானது. இது காரணமில்லாமல் பிறந்த நம்பிக்கை அன்று. 1987-இல் அலாஸ்காவின் உறைபனித் தடங்களில் ஐடிடாபைக் என்னும் நெடுந்தூரப் பந்தயம் தொடங்கிய காலத்தில், சாதாரணச் சக்கரங்கள் பனியில் புதைந்து போவதைக் கண்ட அப்பிரதேசத்துக் கைவினைஞர்கள், ரிம்களைப் பக்கவாட்டில் ஒன்றோடொன்று சேர்த்துப் பற்றவைத்து அகன்ற சக்கரங்களைச் செய்து பார்த்தார்கள். பின்னர் ஃபேர்பேங்க்ஸ் நகரத்தைச் சேர்ந்த சைமன் ராக்கோவர் 44 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்னோகேட் ரிம்மை உருவாக்கினார். 2005-இல் சர்லி நிறுவனத்தின் பக்ஸ்லி என்னும் சைக்கிள், 65 மில்லிமீட்டர் ரிம்மும் 3.7 அங்குல டயருமாகக் கடைகளுக்கு வந்தது. 2012-இல் அதே நிறுவனத்தின் கிராம்பஸ் 50 மில்லிமீட்டர் ரிம்மில் 3 அங்குல டயரை ஏற்றிக்கொண்டு வந்தது. கடைகளுக்கு வந்த இந்தச் சைக்கிள்களில் ரிம்மோடு டயரும் கூடவே அகன்றது என்பதையும், பனிக்கும் மணலுக்கும் மெத்தென்ற நிலத்துக்குமாகவே அந்த அகலம் தேடப்பட்டது என்பதையும் மறந்துவிட்டு, ரிம்மின் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டதுதான் பிரமைக்கு வேராயிற்று.

காற்றேற்றிய டயரைச் சக்கரத்தோடு குறுக்கே அறுத்து உள்ளே பார்ப்பதாகக் கொள்வோம். 1990-களில் வழக்கிலிருந்த 17 அல்லது 19 மில்லிமீட்டர் உள்ளகல ரிம்மில் இன்றைய 2.4 அங்குல டயரை மாட்டினால், அது கழுத்துச் சிறுத்து வயிறு பெருத்த பானையைப் போல் நிற்கும். காற்றைக் குறைத்து வளைவில் சாய்ந்தோமானால் மேலே உள்ள பாரம் ஒரு பக்கமும் தரையைப் பற்றிய ரப்பர் மறுபக்கமுமாக இழுத்துச் சக்கரம் நெளியும், டியூப் இல்லாத டயராயின் விளிம்பு நெகிழ்ந்து காற்றும் கசியும். அதே டயரை 45 மில்லிமீட்டர் ரிம்மில் மாட்டினாலோ, பக்கச்சுவர்கள் ஏறக்குறைய செங்குத்தாக நிமிர்ந்து கொள்கின்றன. வட்டமாக இருக்க வேண்டிய மேற்பரப்பு தட்டையாகிறது. வளைவில் கைகொடுக்க வேண்டிய ஓரத்துக் கட்டைகள் நேராகச் செல்லும்போதே தரையில் உரசுகின்றன. ரப்பரின் கனமான பகுதிக்குப் பின்னே மறைந்திருக்க வேண்டிய மெல்லிய பக்கச்சுவரும், ரிம்மின் உதடுகளும், கூரிய கற்களுக்கு நேரெதிரே வந்து நிற்கின்றன. கல் நிறைந்த பாதையில் டயரின் பக்கம் கிழிந்து நிற்பவர்களில் சிலர் கல்லைப் பழிக்கிறார்கள். அவர்களுடைய ரிம்மையும் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஆகவே ரிம்மின் அகலம் தனித்து நிற்கும் குணமன்று. டயரோடு அதற்குள்ள விகிதமே பிரதானம். ரிம்மின் உள்ளகலம் டயர் அகலத்தின் பாதிக்குச் சற்று முன்பின்னாக இருப்பது நடைமுறைக்கு உகந்த கணக்கு. டயரின் பக்கச்சுவரில் 57-622 என்று பொறித்திருந்தால், 57 என்பது டயரின் அகலம், 622 என்பது ரிம்மில் அது அமரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். அந்த 2.25 அங்குல டயருக்கு 25 முதல் 30 வரையுள்ள ரிம் போதும், 2.6 அங்குலத்துக்கு 30 முதல் 35. 3 அங்குல டயர் போடுகிறவர்கள் மட்டும் 35-க்கு மேலே போக நியாயமுண்டு. விலைப்பட்டியலில் காணும் எண் உள்ளகலமா வெளியகலமா என்று கேட்டுத் தெளிவது நல்லது, ஏனெனில் இரண்டுக்கும் 4 முதல் 6 மில்லிமீட்டர் வரை வித்தியாசமிருப்பது சகஜம். சந்தேகமிருப்பின் ரிம்மின் இரு உதடுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்துவிடலாம்.

“அகன்ற ரிம் போட்டால் சிறிய டயரே பெரிய டயராகிவிடும்” என்று நம்புகிறவர்களும் உண்டு. ரிம் 1 மில்லிமீட்டர் அகன்றால் டயர் சுமார் 0.4 மில்லிமீட்டர்தான் அகலும். 25-இலிருந்து 30-க்கு மாறுகிறவருக்குக் கிடைக்கும் ஆதாயம் 2 மில்லிமீட்டர். மெத்தென்ற சவாரியை நாடுகிறவர் அடுத்த அளவு டயரை வாங்குவதே நேர்வழி. ஆயினும் சட்டத்தில் இடம் குறைவாக உள்ள பழைய சைக்கிளுக்கு அந்த 2 மில்லிமீட்டரும் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. நியூ மெக்ஸிகோவின் களிமண் பாதைகள் மழைக்குப் பின் எப்படியிருக்கும் என்பதை அவ்வழியே போனவர்கள் அறிவார்கள்: சேறு டயரைச் சுற்றிப் பூசிக்கொண்டு, பின்சட்டத்தின் இரு கால்களுக்கிடையே அடைத்து, சக்கரத்தைச் சுழலவே விடாது, தள்ளிக்கொண்டு போவதற்கும் வழியில்லாமல் குச்சியால் நோண்டியெடுத்துக் கொண்டிருக்க வேண்டியதுதான். டயருக்கும் சட்டத்துக்கும் இடையே இருபுறமும் குறைந்தது 6 மில்லிமீட்டராவது விட்டுவைக்க வேண்டும்.

கனத்தைப் பற்றிய பயத்துக்கு நீண்ட சமாதானம் வேண்டியதில்லை. சுழலும் கனம் இரட்டிப்பாகக் கணக்காகும் என்பது வேகமெடுக்கும் கணங்களுக்கு மட்டுமே பொருந்தும். மலை ஏறும்போது சக்கரத்தின் கனமும் மற்றக் கனத்தைப் போன்றதே. ஆளும் சைக்கிளும் பாரமுமாக 100 கிலோ நகரும் இடத்தில், இரு ரிம்களும் சேர்ந்து 200 கிராம் கூடினால் அது ஐந்நூற்றில் ஒரு பங்கு. ஒரு லிட்டர் தண்ணீரே அதைப்போல் ஐந்து மடங்கு கனம்.

“காற்றைக் குறைத்தால் வேகம் குறையும்” என்பது வழவழப்பான தார்ச்சாலையில் ஓரளவு மெய். சரளைப் பாதையில் அது விபரீதமான போதனை. கனடாவின் பான்ஃபிலிருந்து ராக்கி மலைத்தொடரை ஒட்டி மெக்ஸிகோ எல்லையிலுள்ள ஆன்டிலோப் வெல்ஸ் வரை ஏறக்குறைய 4,400 கிலோமீட்டர் செல்லும் கிரேட் டிவைட் பாதையின் பெரும்பகுதி சரளையும் மண்ணுமே. வரிவரியாகத் திரைந்து கிடக்கும் அத்தகைய தரையில் இறுக்கமான டயர் ஒவ்வொரு வரிக்கும் சைக்கிளையும் ஆளையும் தூக்கிப் போடுகிறது. அப்படிக் குலுங்குவதில் வீணாகும் சக்தி, மெத்தென்ற டயர் நசுங்குவதில் வீணாவதைவிட அதிகம். 2.4 அங்குல டயரில் பாரத்தோடும்கூட 20 முதல் 25 பவுண்டு காற்று பெரும்பாலோருக்குப் போதும். அகன்ற ரிம்மின் உண்மையான உபகாரம் இங்கேதான் வெளிப்படுகிறது: இத்தனை குறைந்த காற்றிலும் டயர் நெளியாமல் நிற்பதற்கு அதுவே துணை. அந்த வகையில் அதைப் புகழ எனக்கு ஆட்சேபமே இல்லை.

கார்பன் ரிம்மா, அலுமினியமா என்ற விவாதத்தில் என் அபிப்பிராயம் அலுமினியத்தின் பக்கம். நல்ல கார்பன் ரிம் பலமானதுதான். ஆனால் அடிபட்டு உடைந்தால் காட்டில் அதற்கு வைத்தியமில்லை. அலுமினியத்தின் உதடு மடங்கினால் குறடு கொண்டு நிமிர்த்தி, கோட்டமெடுத்து, அடுத்த ஊர் வரையிலாவது உருட்டிச் செல்லலாம்.

கடைசியாக, எல்லாவற்றிலும் ஆபத்தானதென்று நான் எண்ணும் நம்பிக்கை: “அகன்ற ரிம் அதிக பாரம் தாங்கும்.” பாரத்தைத் தாங்குவன டயரிலுள்ள காற்றும், ஸ்போக் கம்பிகளின் இழுவிசையும், அந்தக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் ரிம் சுவரின் கனமும் ஆகும். இரண்டு ரிம்கள் ஒரே எடையில் இருந்து ஒன்று மட்டும் அகலமாக இருக்குமானால், அந்த அகன்ற ரிம்மின் உலோகம் எங்கோ மெலிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். சக்கரம் ஒருமுறை சுழலும்போது ஒவ்வொரு கம்பியும் தரைக்கு நேரே வருகையில் தளர்ந்து, மேலே போகையில் மீண்டும் இறுகுகிறது. 29 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.3 மீட்டர், கிரேட் டிவைட் பாதையை ஒருமுறை கடப்பதற்குள் ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய 19 லட்சம் தடவை இப்படித் தளர்ந்து இறுகுகிறது. பாரத்தின் பெரும்பங்கைப் பின்சக்கரமே சுமக்கிறது. அதிலும் பல்சக்கரத் தொகுதி இருக்கும் பக்கத்துக் கம்பிகள் மறுபக்கத்தவற்றைவிட மிகவும் இறுக்கமாக இழுக்கப்பட்டிருக்கின்றன. ஆதலால் பின்சக்கரத்துக்கு ரிம் தேடும்போது அகலத்துக்காகச் செலவிடும் அக்கறையில் பாதியையாவது துளைகளின் எண்ணிக்கைக்குச் செலவிடுங்கள். 28 துளையைவிட 32 துளை உத்தமம். ஒரு கம்பி அறுந்தாலும் பக்கத்துக் கம்பிகளைத் திருகிச் சக்கரத்தை ஓடவைக்கலாம். துளைகளை நடுவிலிருந்து ஒருபுறமாக ஒதுக்கிப் போட்டிருக்கும் ரிம்கள் இருபக்கத்து இழுவிசையின் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதால் அவையும் விரும்பத்தக்கவை.

நீண்ட பயணத்துக்குப் புறப்படுமுன் பின்ரிம்மை ஈரத்துணியால் துடைத்து, நல்ல வெளிச்சத்தில், கம்பிகளை ரிம்மோடு பிணைக்கும் ஒவ்வொரு நிப்பிளின் அடியையும் உற்றுப் பாருங்கள். துளையைச் சுற்றி உலோகம் சற்றே புடைத்திருப்பதும், அதிலிருந்து மயிரிழை போன்ற கீறல் ஒன்று ரிம்மின் போக்கிலேயே ஓடுவதும் தென்பட்டால், கோட்டமெடுத்து அதைச் சரிசெய்ய முடியாது. கம்பியை இறுக்கினால் கீறல் வளரும். அந்த ரிம் எத்தனை அகலமானதாயினும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும், அதை மாற்றிவிட்டுப் புறப்படுங்கள்.