கிரைண்டர் 'சுர்'ரென்று இழுக்கிறதா?

ஹோட்டலில் மாவு ஆட்டும் இடத்தில் தரையும் ஈரம், கையும் ஈரம். கிரைண்டரைத் தொட்டதும் லேசாக ஷாக் அடித்தால், ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு சமாளிக்காதீர்கள். மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எம்சிபி இருக்கிறதே என்ற தைரியம் வேண்டாம். அது ஓவர்லோடையும் ஷார்ட்டையும்தான் பார்க்கும். ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. போகிற கரண்ட் முழுதாகத் திரும்பாவிட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் லைனை வெட்டிவிடும். எர்த்தும் சரியாக இருக்க வேண்டும். ஃபிரீசருக்குத் தனி ஆர்சிசிபி வையுங்கள். கிரைண்டர் கசிந்து அதன் ஆர்சிசிபி விழுந்தாலும் கறியும் பாலும் கெடாது. மாதம் ஒருமுறை 'டெஸ்ட்' பட்டனை அழுத்துங்கள். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறதென்று சிலர் அதைத் தாண்டி நேரடியாக ஒயர் கொடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்! எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ, அதில்தான் கசிவு. மாவுத் தண்ணீர் வழிந்து இறங்கிய ஸ்விட்சை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.