பழைய படகின் டில்ட் மோட்டார்: மாற்று பாகம் வாங்கும் முன் நான்கு கேள்விகள்

மூணாவது செமஸ்டர்ல டிசி மோட்டார் படிக்கும்போது, "சீரிஸ் மோட்டாரோட சப்ளை பொலாரிட்டியை மாத்தினா சுற்றும் திசை மாறுமா?"ன்னு வைவாவில் கேட்பாங்களே, ஞாபகம் இருக்கா? அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் பாகம் வாங்கினால் பணம் எப்படி வீணாகும் என்பதை இன்றைக்குப் பார்க்கலாம். நமக்கான உதாரணம், பழைய படகின் டில்ட் மோட்டார்.

முதலில், டில்ட் மோட்டார்ன்னா என்ன? நம்ம கடற்கரையில் ஃபைபர் படகு கரையேறும்போது பின்னாடி இருக்கும் சின்ன இன்ஜினைக் கையாலேயே சாய்த்துத் தூக்கிவிடுவார்கள். இன்ஜின் பெரிதானால் அது நடக்காது. அதனால் ஒரு 12 வோல்ட் டிசி மோட்டார் சின்ன கியர் பம்பைச் சுற்றும். பம்ப் தள்ளும் எண்ணெய் ஹைட்ராலிக் சிலிண்டருக்குள் போய் இன்ஜினைத் தூக்கும். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் இன்ஜின் இறங்கும். அவ்ளோதான்.

இதில் என்ன சிக்கல்? இந்த இன்ஜின்களுக்கு ஆயுசு அதிகம், ஆனால் கம்பெனிக்கு அப்படி இல்லை. ஜான்சன், எவின்ரூட் இன்ஜின்களைத் தயாரித்த அமெரிக்காவின் ஓஎம்சி நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலானது. அந்தப் பெயர்களை வாங்கிய பாம்பார்டியர் வழிவந்த பிஆர்பி நிறுவனமும் 2020-இல் எவின்ரூட் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆக, பழைய இன்ஜின் வைத்திருப்பவர் பெரும்பாலும் வேறு கம்பெனி செய்த மாற்று பாகத்தைத்தான் நம்பியிருக்கிறார். படத்தில் எல்லாமே ஒரே மாதிரி இருக்கும். போல்ட் துளைகூட பொருந்தும். ஆனால் போல்ட் பொருந்துவது வேறு, பாகம் பொருந்துவது வேறு. வாங்குவதற்கு முன் கீழே உள்ள நான்கு கேள்விகளையும் வரிசையாகக் கேளுங்க.

1. கெட்டுப்போனது மோட்டார்தானா?

சுவிட்சை அழுத்தினால் மோட்டார் சத்தம் வருகிறது, இன்ஜின் மட்டும் எழவில்லை என்றால் மோட்டாரைக் குறை சொல்லாதீங்க. எண்ணெய் அளவையும், கையால் இறக்குவதற்கான ரிலீஸ் வால்வு திறந்து கிடக்கிறதா என்பதையும் பாருங்க.

சத்தமே இல்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்க. இங்கே ஒரு பொறி இருக்கிறது. சுவிட்ச் வரை 12 வோல்ட் வருதுன்னு பார்த்துவிட்டு "வயரிங் நல்லாத்தான் இருக்கு"ன்னு முடிவு கட்டிடக் கூடாது. மின்னோட்டம் ஓடாதபோது துருப்பிடித்த இணைப்பும் முழு வோல்ட்டேஜைக் காட்டும். ஓம் விதி தெரிந்த நமக்கு இது புதுசு இல்லை. சுவிட்சை அழுத்திப் பிடித்தபடி, மோட்டார் முனையிலேயே அளக்க வேண்டும்.

ஒரு கணக்கு போடுவோம். மோட்டார் 40 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், போக வர மொத்தம் 6 மீட்டர். அதன் மின்தடை சுமார் 0.026 ஓம், இழப்பு சுமார் 1 வோல்ட். இது தாங்கும். உப்புத் தண்ணீர் அரித்த ஓர் இணைப்பில் கூடுதலாக 0.1 ஓம் இருந்தால்? அங்கே மட்டும் 4 வோல்ட் போய்விடும். அந்த இணைப்பு 160 வாட் வெப்பத்தையும் கக்கும். மோட்டார் திணறும், பழி மோட்டார் மேல் விழும். புது மோட்டார் போட்டாலும் அதே கதைதான்.

கடைசிச் சோதனை: தடிமனான வயரால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேரடி இணைப்பு. இன்ஜின் நகரலாம், அதனால் எல்லாரும் தள்ளி நிற்கணும். பேட்டரிப் பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருக்கவே கூடாது. இதில் மோட்டார் நன்றாகச் சுற்றினால் கோளாறு ரிலே, சுவிட்ச், வயர் மூன்றில் ஒன்றில் இருக்கிறது. சுற்றவில்லை என்றால் மட்டும் அடுத்த கேள்விக்குப் போங்க.

2. இரண்டு வயரா, மூன்று வயரா?

வைவா கேள்விக்கு வருவோம். சீரிஸ் மோட்டாரில் ஃபீல்டு வழியாகவும் ஆர்மேச்சர் வழியாகவும் ஓடுவது ஒரே மின்னோட்டம். பொலாரிட்டியை மாற்றினால் இரண்டும் சேர்ந்து திரும்பும். டார்க் திசை மாறாது. அதனால் பழைய டில்ட் மோட்டார்களில் பெரும்பாலும் இரண்டு ஃபீல்டு வைண்டிங் இருக்கும்: ஒன்று ஏற்ற, ஒன்று இறக்க. பொதுவான எர்த் ஒன்று. மொத்தம் மூன்று வயர். இரண்டு சாதாரண சோலனாய்டு இருந்தால் போதும்.

பின்னாடி வந்தவை நிரந்தர காந்த மோட்டார்கள். ஃபீல்டு மாறாது, ஆர்மேச்சர் மின்னோட்டம் மட்டும் திரும்பும். ஆகவே பொலாரிட்டியை மாற்றினாலே திசை மாறும். இரண்டு வயர் போதும். ஆனால் அதற்கு, சும்மா இருக்கும்போது மோட்டாரின் இரு முனைகளையும் எர்த்தில் வைத்து, அழுத்தும்போது ஒரு முனையை மட்டும் பாசிட்டிவுக்கு மாற்றும் இரண்டு சேஞ்ச்ஓவர் ரிலே தேவை. மூன்று வயர் மோட்டாரைக் கழற்றிய இடத்தில் இரண்டு வயர் மோட்டார் வாங்கினால், ரிலேவும் வயர் ஹார்னஸும் சேர்த்து மாற்றும் செட்டாக வாங்கணும்.

3. பம்போடு சேருமா?

ஷாஃப்ட் முனையைப் பாருங்க: தட்டை நாக்கா, ஸ்ப்ளைனா? எவ்வளவு நீளம்? வெர்னியரால் அளங்க. நீளம் கூடிவிட்டால், போல்ட்டை முறுக்கும்போது ஷாஃப்ட் பம்பை அழுத்திப் பிடித்துவிடும். உதாரணமாக, மெர்க்ரூசர் படகுகளில் பிரெஸ்டோலைட், ஆயில்டைன் என்று இரு வேறு தயாரிப்பாளர்களின் பம்புகள் வந்திருக்கின்றன. ஒன்றின் மோட்டாரை மற்றதில் மாட்ட முடியாது. "எந்த வருஷ படகு?" என்ற கேள்வி மட்டும் போதாது. இன்ஜின் சீரியல் எண்ணும், பம்ப் தயாரிப்பாளர் பெயரும் வேணும். பழைய பாக எண்ணுக்குப் பதிலாகப் புது எண் வந்திருக்கிறதா என்றும் கேளுங்க. எதை மாற்றினாலும் ஓ-ரிங் புதுசாகத்தான் இருக்கணும். உப்புத் தண்ணீர் உள்ளே போகும் வழி அதுதான்.

4. தீப்பொறி வெளியே வருமா?

நான்கில் இதுதான் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. இன்ஜின் படகுக்குள்ளேயே இருக்கும் ஸ்டெர்ன்டிரைவ் வகையில் டில்ட் பம்பும் உள்ளேதான் இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தேங்கும். கார்பன் பிரஷ் கம்யூட்டேட்டரில் உரசும் இடத்தில் தீப்பொறி சகஜம். கார் ரிலேயும் மரைன் ரிலேயும் பார்க்க ஒன்றுபோல இருக்கலாம், கார் ரிலே விலையும் குறைவு. ஆனால் உள்ளே பிறக்கும் தீ வெளியே பரவாதபடி செய்யப்பட்டது மரைன் பாகம்தான். எஸ்ஏஇ ஜே1171 அல்லது ஐஎஸ்ஓ 8846 என்ற குறி இருக்கிறதா பாருங்க. அமெரிக்காவில் பெட்ரோல் இன்ஜின் அறையில் வைக்கும் மின் பாகத்துக்கு இந்தப் பாதுகாப்பு சட்டப்படியே கட்டாயம். இந்த ஒரு இடத்தில் மட்டும் விலை பார்க்காதீங்க.

முழு மோட்டாரா, பிரஷ் மட்டுமா?

பிரஷ் தேய்ந்து, கம்யூட்டேட்டர் வழவழப்பாக இருந்தால் பிரஷ் செட், ஓ-ரிங் போதும். கூடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலோ, உள்ளே ஒட்டிய காந்தம் பெயர்ந்து ஆர்மேச்சரில் சிக்கியிருந்தாலோ முழு மோட்டார்தான். காந்த மோட்டாரைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம்; காந்தம் உடையும்.

வேலையைத் தொடங்கும் முன் இன்ஜினைத் தூக்கி, டில்ட் லாக்கைப் போட்டு, கீழே முட்டும் கொடுங்க. ஹைட்ராலிக் பிடிமானத்தை மட்டும் நம்பி அதன் கீழே கையை நீட்டாதீங்க.

இந்த நான்கு கேள்விகள் படகுக்கு மட்டும் இல்லை. பழைய லேத், வாட்டர் பம்ப், ஹாஸ்டல் வாஷிங் மெஷின் எதுவானாலும் இதே வரிசைதான்: கோளாறு எங்கே, மின் இணைப்பு எப்படி, இயந்திர இணைப்பு எப்படி, இருக்கும் இடத்தில் என்ன ஆபத்து. இதற்கெல்லாம் விடை கிடைத்த பிறகு விலையைப் பாருங்க.