கல்லாவை விட்டு ஒரு மணி நேரம்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஆடி கழிந்து ஆவணி பிறந்திருக்கும். சரக்கு விலை, வரி, எடை முத்திரை என்று எத்தனையோ செய்திகளை இந்தப் பக்கங்களில் பேசியிருக்கிறோம். இம்முறை, நாம் யாருமே கணக்கு எழுதாத ஒரு சரக்கைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அது நம் உடம்பு.

நான் மருத்துவன் அல்ல. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கடைக்கு வந்தவன். விருதுநகரில் பருப்பு, வற்றல், எண்ணெய் மொத்த வியாபாரம் செய்கிறேன். பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் நஷ்டக் கணக்கு

சிறுவயதில் என் அப்பாவுக்காக லைன் எடுக்கப் போவேன். சைக்கிள் கேரியரில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிராமத்துக் கடைகளுக்குப் போய்ச் சரக்கைப் போட்டுவிட்டு, நிலுவையை வாங்கி வருவேன். அப்போது எனக்கு வியாதி என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை. வியாபாரம் வளர்ந்தது. லாரி வந்தது, தொலைபேசி வந்தது, கார் வந்தது. நான் கல்லாவில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

48 வயதில் சர்க்கரை நோய் என்றார்கள். மாத்திரை சாப்பிட்டேன், மற்றபடி எதையும் மாற்றவில்லை. 2012ஆம் ஆண்டு புரட்டாசி மாதம் கிட்டங்கியில் பலகைப் பெட்டி ஆணி ஒன்று ரப்பர் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறியது. சர்க்கரையால் பாதம் மரத்துப் போயிருந்ததால் ஏறியதே தெரியவில்லை. நாலாம் நாள் கால் வீங்கிய பிறகுதான் பார்த்தேன். இடது கால் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. 17 நாள் மருத்துவமனைப் படுக்கை. அந்த ஆண்டுத் தீபாவளிக் கொள்முதல் முழுவதும் கைவிட்டுப் போனது.

கட்டுப் பிரிக்கும்போது டாக்டர் கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடப்பீர்கள்?" யோசித்துப் பார்த்தேன். வீட்டு வாசலிலிருந்து கார் வரை, காரிலிருந்து கல்லா வரை. இதைச் சொல்லவே வெட்கமாக இருந்தது. காசு கணக்கில் பைசா பிசகாமல் ஐந்தொகை எடுத்த நான், உடம்புக்கு ஒரு நாளும் ஐந்தொகை எடுக்கவில்லை.

டிரைவரும் கண்டக்டரும்

நம் கடைகளில் கல்லாவில் இருப்பவருக்கும் பொட்டலம் மடிக்கும் பையனுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பழைய ஆய்வு அழகாக விளக்குகிறது. ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவ அறிஞர் லண்டன் நகரத்து மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குவார். ஒரே பஸ், ஒரே பாதை. ஆனால் டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. உட்கார்ந்து வேலை செய்த அலுவலக எழுத்தர்களைவிட, நடந்தும் சைக்கிளிலும் போய்த் தபால் கொடுத்தவர்களுக்கும் அப்படியே. உடலுழைப்பின் அருமையை உலகுக்குச் சொன்ன அந்த மாரிஸ், 99 வயது வரை வாழ்ந்து 2009இல் மறைந்தார்.

கல்லாவில் இருக்கும் முதலாளி டிரைவர். கிட்டங்கிக்கும் கடைக்கும் ஓடும் பையன் கண்டக்டர். இதை நினைவில் வையுங்கள்.

இதன் காரணத்தை நம் பாஷையிலேயே சொல்கிறேன். ரத்தம் ஒரு கிட்டங்கி. சாப்பாட்டிலிருந்து சர்க்கரை என்ற சரக்கு அதில் வந்து இறங்குகிறது. தசைகள் சில்லறைக் கடைகள். இன்சுலின் என்பது கடைச் சாவி. சர்க்கரை நோய் உள்ளவருக்குச் சாவி தேய்ந்துவிட்டது. சரக்கு கிட்டங்கியிலேயே தேங்குகிறது. நடக்கும்போதோ சைக்கிள் மிதிக்கும்போதோ கால் தசைகளுக்குச் சரக்கு தேவைப்படுகிறது. அப்போது அவை அந்தச் சாவிக்குக் காத்திராமலும் கதவைத் திறந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். தேங்கிய சரக்கில் வண்டு விழும் என்பது நமக்குத் தெரியாததா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான பெரிய ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. நாள் முழுக்க உட்காரும் நமக்கு அந்தக் கணக்கில் பங்கு இல்லாமலா இருக்கும்?

ஏன் இந்த மாதங்கள்?

கத்திரி வெயில் மே மாதக் கடைசியில் முடிந்தாலும், நம் தென் மாவட்டங்களில் கோடை அதோடு முடிவதில்லை. தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இறங்கிவிடுகிறது. குற்றாலத்தில் சாரல் என்றால் நமக்குக் காற்று மட்டும்தான். ஆவணியிலும் பகலில் 37, 38 டிகிரி வெயிலைப் பார்க்கிறோம். பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் புரட்டாசி என்று பெரியவர்கள் சொன்னது சும்மா அல்ல. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித்தான் தொடங்கும்.

ஆனால் இந்தப் பின்கோடையில் இரண்டு நல்ல வேளைகள் இருக்கின்றன. காலை ஐந்தரையிலிருந்து ஏழரை. மாலை ஐந்துக்கு மேல். சேறு இல்லை, குடை வேண்டாம், பனி இல்லை. காற்று மேலே படும்போது வியர்வை தெரியாது. கண்மாய்க் கரையில் பனம்பழம் பொத்தென்று விழும் காலம் இது. அந்த மணம் பிள்ளைப் பிராயத்துக்கே இழுத்துப் போகும். வியாபாரத்திலும் இது தீபாவளி நெருக்கடிக்கு முந்திய மூச்சு விடும் காலம். இப்போது ஒரு பழக்கத்தைத் தொடங்கினால் ஐப்பசி அவசரத்திலும் அது நிலைத்து நிற்கும். ஐப்பசியில் தொடங்கலாம் என்று தள்ளிப்போட்டால் தையிலும் தொடங்க மாட்டோம்.

முதல் பாடம்: நடை

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு. நாளைக்கு 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். மிதம் என்றால் என்ன? நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. இதுதான் படிக்கல்.

2013 ஆவணியில் டாக்டர் அனுமதியோடு நடக்கத் தொடங்கினேன். முதல் வாரம் பத்து நிமிடம். வாரம் ஐந்து நிமிடம் கூட்டினேன். அப்போது நான் செய்த தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு நாள் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் நெடுந்தூரம் போய்விட்டேன். கண்மாய்க் கரையில் கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், "என்ன அண்ணாச்சி, முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது?" என்று ஓடி வந்து, தன் தூக்குவாளியிலிருந்த கருப்பட்டிக் காப்பியைக் கொடுத்தார். அதனால் பிழைத்தேன். இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியிருந்தது. மூட்டை மூட்டையாகச் சீனி விற்கும் எனக்குச் சட்டைப்பையில் ஒரு கற்கண்டு இல்லை. மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் எப்போது நடப்பது, என்ன சாப்பிட்டுவிட்டு நடப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பையில் நாலு கற்கண்டு இருக்கட்டும்.

புல்லில் வெறுங்காலோடு நடப்பது நல்லது என்பார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது ஆகாது. மூடிய காலணி அணியுங்கள். போடும்முன் தலைகீழாகத் தட்டிப் பாருங்கள். இரவில் கடை கட்டிய பிறகு கல்லாவை எண்ணுவது போலப் பாதங்களையும் ஒரு முறை பாருங்கள். என் சுண்டுவிரல் போனது இந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்காததால்தான்.

இரண்டாம் பாடம்: சைக்கிள்

முழங்கால் வலியால் நீண்ட தூரம் நடக்க முடியாத பலருக்குச் சைக்கிள் ஒத்துக்கொள்ளும். உடம்பின் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது. வீட்டில் பேரப்பிள்ளைகள் விட்டுப்போன சைக்கிள் தூசி படிந்து கிடக்கும். அதைக் கடையில் கொடுத்துப் பிரேக் கட்டை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்று அடித்தால் போதும். இருக்கையின் உயரம் முக்கியம். பெடல் கீழே போகும்போது முழங்கால் சிறிதளவே மடங்க வேண்டும். தாழ்வான இருக்கையில் மிதித்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். பின்னால் ஒளி திருப்பும் பட்டை ஒட்டுங்கள். நாற்கரச் சாலைப் பக்கம் போகாதீர்கள். ஊருக்குள்ளும் கிராமச் சாலையிலும் போங்கள்.

வெட்கப்படுவோர் 1991, 92ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டையில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். அறிவொளி இயக்கத்தின் வழியாக ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்கள், பாவாடை தாவணியிலும் சேலையிலும், ஊரார் கேலியைப் பொருட்படுத்தாமல் சைக்கிள் கற்றார்கள். அவர்களுக்கு இல்லாத வெட்கம் முதலாளிக்கு எதற்கு?

வாரம் இரு நாள் நான் சைக்கிளில் பழைய லைனுக்குப் போகிறேன். முதல் முறை போனபோது ஒரு சில்லறைக் கடைக்காரர் பதறி எழுந்து, "முதலாளி, கார் என்ன ஆச்சு?" என்றார். வியாபாரம் நொடித்துவிட்டது என்று நினைத்துவிட்டார் போலும்! ஆனால் காரில் போன காலத்தில் அவர் வாசலில் நான் நின்றதே இல்லை. அன்று திண்ணையில் உட்கார்ந்து பேசியதில், எந்தப் பருப்பு ஓடுகிறது, எது தேங்குகிறது என்பதைத் தொலைபேசியில் ஒரு மாதம் பேசினாலும் தெரியாத அளவுக்குத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் பாடம்: தோட்டம்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பழமொழி. ஆடியைத் தவறவிட்டவர்கள் ஆவணியிலும் வெண்டை, கத்தரி, கீரை போடலாம். குனிந்து நிமிர்ந்து, மண் அள்ளி, தண்ணீர் சுமப்பதும் உழைப்புத்தான்.

நமக்கு ஒரு வசதி உண்டு. தொட்டிக்கும் விதைக்கும் வெளியே போக வேண்டாம். காலி எண்ணெய் டின்னின் அடியில் நாலு துளை போட்டால் தொட்டி. மண், மட்கிய எரு, தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம பங்காகக் கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு சேருங்கள். வெந்தயத்தை ஒரு இரவு ஊறவைத்துத் தூவினால் சில நாளில் முளைக்கும். மூன்று, நாலு வாரத்தில் கீரை. முழு மல்லியை இரண்டாகப் பிளந்து நிழல் விழும் இடத்தில் விதையுங்கள். மேல் மண்ணைக் கடலைத் தொலியால் மூடினால் ஈரம் காயாது. பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்பும் கலந்து தெளித்தால் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். பூச்சிமருந்து வந்த டின்னைத் தொடவே கூடாது. தொட்டிக்கு அடியிலுள்ள தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்குக் கொசு அதில்தான் முட்டையிடும்.

என் மாடியில் பந்தல் அவரை ஒன்று உண்டு. ஆடியில் போட்டால் பகல் பொழுது குறையும் மார்கழியில்தான் பூக்கும். அதுவரை வெறும் இலைதான். முதலீடு போட்டவுடன் லாபம் கேட்கும் வியாபாரிக்கு அது நல்ல ஆசிரியர்.

"எங்கே ஐயா நேரம்?"

இந்தக் கேள்வி நியாயமானது. மொத்த வியாபாரி ஒன்பது மணிக்குக் கடை திறக்கலாம். பால் பாக்கெட்டுக்காகக் காலை ஐந்தரைக்கே திறந்து இரவு பத்து மணிக்குக் கட்டும் மளிகைக் கடைக்காரர் என்ன செய்வார்? அவர்களுக்கு என் யோசனை இது. ஒரு மணி நேரத்தைத் துண்டு போடுங்கள். கூட்டம் ஓய்ந்த பிறகு மனைவியையோ மகனையோ கல்லாவில் இருத்திவிட்டுப் பதினைந்து நிமிடம் நடங்கள். சாப்பிட்ட பின் நடக்கும் பத்து நிமிடம் சர்க்கரை ஏறுவதைக் குறைக்கும். அருகில் உள்ள வீடுகளுக்குச் சரக்கைச் சைக்கிளில் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். பிறகு உங்கள் மனைவிக்கும் அதே நேரத்தைக் கொடுங்கள். நம் கடைகளில் உட்கார்ந்தே தேய்வது ஆண்கள் மட்டும் அல்ல.

அரை மணி நேரம் கடையில் இல்லாவிட்டால் சில ரூபாய் வியாபாரம் குறையலாம். 17 நாள் இல்லாவிட்டால் என்ன குறையும் என்பதை நான் கணக்குப் பார்த்தவன்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இருதய நோய், நீடித்த சர்க்கரை, காலில் புண் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே தொடங்க வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். பத்து மணிக்கு மேல் நாலு மணி வரை வெயிலில் வீரம் காட்ட வேண்டாம்.

இன்று எனக்கு ஒன்பது விரல்கள். சர்க்கரை இன்னும் இருக்கிறது. ஆனால் கட்டுக்குள் இருக்கிறது. காலையில் கண்மாய்க் கரையில் மயில் அகவுவதைக் கேட்டுவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தால், வாடிக்கையாளரிடம் எரிந்து விழத் தோன்றுவதில்லை. இதைக் கடைப் பையன்களே சொல்கிறார்கள்.

நாளைக் காலை கடைச் சிட்டையின் முதல் பக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: "நடை, இத்தனை நிமிடம்." மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். இந்த ஒரு கணக்கில் வரவு மட்டுமே வையுங்கள், நிலுவை வைக்காதீர்கள்.

வாழ்க நலமுடன்! வளர்க வணிகர் ஒற்றுமை!