ஃப்ரீசரில் வைத்த போன்

வேலூரில் கால் டாக்ஸி ஓட்டுகிறேன். அக்னி நட்சத்திரத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்குக் காட்பாடி ஸ்டேஷன் வாசலில் நின்றவர்களுக்கு வெயிலைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. போன மே மாதம் அங்கேதான் என் போன் மயங்கி விழுந்தது. வெயில் மயக்கத்தோடு விட்டுவிட்டது. கொன்றது நான், என் மச்சான் பேச்சைக் கேட்டு.

முன் கண்ணாடியில் ஹோல்டர். மேப் ஓடுகிறது, வெளிச்சம் முழுசாக, லைட்டர் சாக்கெட்டிலிருந்து சார்ஜ் ஏறுகிறது, முதுகில் தடித்த ரப்பர் கவர், மேலே நேர் வெயில். அடுப்பில் வைத்து மூடியும் போட்ட மாதிரிதான். ஆனால் ட்ரிப் ஓட்டுகிறவன் போனை வேறு எங்கே மாட்டுவான்? சூடு அதிகம் என்று எழுத்து காட்டிவிட்டு அணைந்துபோனது. அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படி அணைகிறது. சார்ஜரைப் பிடுங்கி, கவரைக் கழற்றி, நிழலில் ஒரு டீ குடிக்கிற நேரம் விட்டிருந்தால் தானாக எழுந்திருக்கும்.

நான் சாப்பிட வீட்டுக்குப் போனேன். லீவில் வந்திருந்த மச்சான், இன்ஜினியரிங் படித்தவன், "மாமா, ஃப்ரீசர்ல பத்து நிமிஷம் போடுங்க, ஜில்லுன்னு ஆயிடும்" என்றான். படித்த பிள்ளை சொல்கிறானே என்று மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வெளியே எடுத்ததும் போன் முழுக்க வேர்த்தது. துண்டால் துடைத்தேன். கேமரா கண்ணாடிக்கு உள்பக்கம் படிந்த பனியை எந்தத் துண்டால் துடைப்பது? ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளியில் வேர்க்கிறதே, அதே வேர்வை போனுக்குள் போர்டு மேல் பூத்துவிட்டது. அது புரியாமல் உடனே ஆன் வேறு செய்தேன். சாயங்காலம் திரையில் கோடு கோடாக வந்தது, பிறகு ஒன்றுமே வரவில்லை.

அரிசி டப்பாவில் இரண்டு நாள் புதைத்தும் பார்த்தோம். சார்ஜ் ஓட்டையில் அரிசித் தூசி அடைத்ததுதான் மிச்சம். அரிசியில் போடாதீர்கள் என்று ஆப்பிள் கம்பெனியே 2024-ல் சொல்லியிருந்ததாம். எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

சர்வீஸ் சென்டர் பையன் சிம் தட்டை இழுத்து, உள்ளே டார்ச் அடித்துக் காட்டினான். வெள்ளையாக இருக்க வேண்டிய குட்டி ஸ்டிக்கர் சிவந்திருந்தது. "தண்ணீல போட்டீங்களா சார்?" வாரண்டி ஐந்து மாதம் பாக்கி இருந்தும் கிடையாது என்றுவிட்டான். போர்டுக்கு 9,200 ரூபாய், நாலு நாள் சவாரி இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதவனிடம் தண்ணீர் பட்டது என்று கையெழுத்து வாங்கினார்களே, அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

இப்போது ஹோல்டரை ஏசி காற்று வரும் வாயில் மாட்டியிருக்கிறேன், 250 ரூபாய். நீங்களும் இன்றே வாங்கிவிடுங்கள். வெயிலில் வண்டி நிற்கும்போது சார்ஜ் போடுவதில்லை. சூட்டோடு ஏற்றினால் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். ஐபோனையே 35 டிகிரிக்குள் பயன்படுத்துங்கள், சும்மா வைப்பதானாலும் 45-ஐத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். நம் ஊர் மே மாதத்தில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் 45 எல்லாம் சர்வ சாதாரணம். டேஷ்போர்டு பெட்டியில் மறந்துபோன என் பவர் பேங்க் பூரி மாதிரி உப்பிக் கிடந்தது. உப்பினதை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள், தீப்பிடிக்கும்.

போன வாரம் மச்சான் வந்திருந்தான். "மாமா, ஐஸ் வாட்டர் இருக்கா?" என்றான். பானைத் தண்ணீரை மொண்டு கொடுத்தேன்.